உக்கும் பிளாஸ்டிக்: மாப்பொருளும் மட்டக்களப்பு வாவியும்

பச்சை இலையில் உண்டாகும் குளுக்கோசைத் தாவரம் உடனே முழுவதும் செலவழிப்பதில்லை. மிஞ்சியதை நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாகக் கிழங்கிலும் விதையிலும் ஒதுக்கி வைக்கிறது. அதுவே மாப்பொருள். மரவள்ளிக்கிழங்கின் பச்சை எடையில் ஏறத்தாழ கால் பங்கும், அரிசியின் எடையில் முக்கால் பங்குக்கு மேலும் இதுதான். பிளாஸ்டிக்கும் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள் என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம் என்ற எண்ணம் வேதியியலில் புதிதன்று. வேறுபாடு கண்ணிகள் இணையும் இடத்தில் இருக்கிறது. பொலித்தீனில் காபன் அணுக்கள் நேரடியாக ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. அந்தப் பிணைப்பை வெட்டும் ஆற்றல் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அநேகமாக இல்லை. மாப்பொருளில் ஒரு குளுக்கோசுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓர் ஒட்சிசன் அணு நிற்கிறது. அந்த இடத்தில் வெட்டும் அமைலேசு என்ற நொதியம் மனிதரின் உமிழ்நீரிலும் உண்டு, வாவிக்கரைச் சேற்றுப் பற்றீரியாவிடமும் உண்டு. ஆகவே மாப்பொருளை உக்க வைப்பதில் சிரமம் எதுவும் கிடையாது. உக்கத் தொடங்கும்வரை அதைப் பையாகவோ தாளாகவோ நிற்க வைப்பதே சிரமம். இத்துறையில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வேலை பெரும்பாலும் அதைச் சுற்றியதுதான்.

மாப்பொருளில் இரு வகைச் சங்கிலிகள் உள்ளன. கிளையற்று நீளமாகப் போவது அமைலோசு; கிளை விரித்துப் பருத்திருப்பது அமைலோபெத்தின். அமைலோசு கூடினால் படலம் இழுவையை நன்றாகத் தாங்கும். மரவள்ளி மாவில் அது ஏறத்தாழ 17 முதல் 20 வீதம், சோளத்தில் 25 வீதத்தை ஒட்டியது. இலங்கையில் பரவலாக விதைக்கப்படும் பத்தலேகொட ‘பிஜி’ நெல்லினங்களில் பலவும் 25 வீதத்தைத் தாண்டுபவை. அந்த அரிசியின் சோறு ஆறியதும் விறைத்து உதிரியாவது இந்த அமைலோசால்தான். இதே குணம் பின்னால் பிளாஸ்டிக்கில் ஒரு குறையாகவும் தலைகாட்டும்.

தயாரிப்பின் முதற்பகுதி சமையலறைக்குத் தெரிந்ததே. கிழங்கைக் கழுவித் தோல் சீவி அரைத்து, துணியில் வடித்து, வடிநீரைத் தெளிய விட்டால் மாப்பொருள் அடியில் வெள்ளையாகப் படியும். அதைத் தண்ணீருடன் சூடாக்கும்போது 60 முதல் 70 பாகை செல்சியஸ் அளவில் மணிகள் வீங்கி உடைந்து பசையாகின்றன. பசையைத் தட்டில் பரப்பி உலர்த்தினால் தெளிவான தாள் ஒன்று கிடைக்கும், ஆனால் மடித்த இடத்தில் முறியும். மாப்பொருளின் எடையில் 20 முதல் 40 வீதம் வரை கிளிசரின் சேர்த்தால் முறியாது. கிளிசரின் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கின்றன. பாடசாலைக் கண்காட்சிகளில் மாணவர் செய்து காட்டுவது பெரும்பாலும் இதையே. கூடவே சிறிதளவு வினாகிரியும் ஊற்றுவார்கள். தொழிற்சாலையில் தட்டுக்குப் பதிலாகச் சூடான உருளைக்குள் சுழலும் திருகு இயந்திரம் வேலை செய்கிறது. அங்கே மாவும் கிளிசரினும் சிறிது நீரும் 120 முதல் 170 பாகை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டு உருகிக் கம்பியாக வெளிவருகின்றன. கம்பியை நறுக்கிய குறுமணிகளே பை ஊதும் இயந்திரத்துக்குப் போகும் மூலப்பொருள். வெப்பம் மேலும் அதிகமாக ஏறினால் மாவு கருகிவிடும் என்பதால், பொலித்தீனுக்கு அமைத்த இயந்திரத்தில் இதை அப்படியே போட்டு ஓட்ட முடியாது.

இப்படிக் கிடைக்கும் தூய மாப்பொருள் பிளாஸ்டிக்குக்கு இரு பெரும் பலவீனங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். மாப்பொருளின் ஒவ்வொரு கண்ணியும் நீரை ஈர்க்கும் தன்மையுடையது, கிளிசரினும் அப்படியே. ஈரக்காற்றுப் பட்டாலே படலம் தளர்ந்து ஒட்டும், நனைந்தால் கூழாகும். மற்றது முதுமை. ஆறிய சோறு விறைப்பதைப் போலவே, வழுக்கி நின்ற சங்கிலிகள் வாரக்கணக்கில் மறுபடி ஒன்றுசேர்ந்து இறுகுகின்றன. வாங்கும்போது மென்மையாக இருந்த பை கடை அலுமாரியிலேயே நொறுங்கத் தொடங்கும். கிழக்கு மாகாணத்தின் காலநிலை இரண்டையும் மாறி மாறிச் சோதிக்கும். வடகீழ்ப் பருவ மாரியில் காற்றே ஈரமாக இருக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வீசும் வெப்பமான கச்சான் காற்று அதே பையை வறட்டிவிடும்.

இப்பலவீனங்களை உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே குறைக்க முடியும் என்று ஆய்வுகூடங்கள் காட்டியுள்ளன. இறாலின் ஓட்டிலும் நண்டின் ஓட்டிலும் இருந்து பிரிக்கப்படும் கைற்றோசான், மாப்பொருளுடன் நன்றாகக் கலந்து படலத்தின் நீர் ஈர்ப்பைக் குறைக்கிறது, நுண்ணுயிர் வளர்ச்சியையும் சற்றுத் தடுக்கிறது. நார்கள் சேர்ந்தால் வலிமை கூடும். வைக்கோல், வாழைத்தண்டு, வாவியின் மேற்பரப்பை அவ்வப்போது மூடிவிடும் ஆற்றுவாழை ஆகியவற்றின் நார் இதற்குப் பொருந்தும். ஆனால் ஓட்டிலிருந்து கைற்றோசானைப் பிரிக்க அமிலமும் காரமும் நிறைய வேண்டும். கழிவைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் செய்முறை வேறொரு கழிவை உண்டாக்குகிறது என்பது இத்தகைய ஆய்வறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் மட்டுமே தென்படும் செய்தி.

தொழில் உலகம் தேர்ந்த வழி வேறு: மாப்பொருளை நீருக்கு அஞ்சாத இன்னொரு பல்பகுதியத்துடன் கலப்பது. 1970களில் பிரித்தானியாவின் ப்ரூனல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் கிரிஃபின் மாப்பொருள் மணிகளைப் பொலித்தீனுக்குள் கலந்து பை செய்தார். அத்தகைய பையை மண்ணில் புதைத்தால் மாவை மட்டும் நுண்ணுயிர்கள் தின்னும். எஞ்சிய பொலித்தீன் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும். பார்வைக்குப் பை மறைந்துவிட்டது, பொருளோ மறையவில்லை. இன்று நுண்பிளாஸ்டிக் எனப்படுவதை வேண்டுமென்றே உண்டாக்கும் வழி அது என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் நோவமொன்ட் நிறுவனம் ‘மாற்றர்-பி’ என்ற பெயரில் விற்ற பொருளில் இக்குறை நீங்கியது. மாவுடன் சேர்ந்த பல்பகுதியமும் உக்கக்கூடியதாக இருந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் 1998 இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘எக்கோஃபிளெக்ஸ்’ போன்ற பிபிஏடி வகைப் பொருள்களும் அவ்வாறே. இவை நுண்ணுயிரால் சிதைபவை, ஆனால் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து வருபவை. சந்தையில் மாப்பொருள் பை என்று விற்கப்படும் பலவற்றில் மாவு பாதிக்கும் குறைவு.

கிரிஃபின் வகைப் பையையும் பிற்காலப் பையையும் வாங்குபவர் வேறுபடுத்தி அறிய எளிய வழி இல்லை. இரண்டின் மீதும் அயடீன் கரைசல் விட்டால் கருநீலம் தோன்றும், ஏனெனில் இரண்டிலும் மாவு உண்டு. மாவைப் பிணைத்திருக்கும் மற்றப் பொருள் எது என்பதை அயடீன் சொல்லாது. தரச்சான்றுகள் தேவைப்படுவது இதனால்தான். ஐரோப்பாவின் ஈஎன் 13432, சர்வதேச ஐஎஸ்ஓ 17088 போன்ற நியமங்கள் சேதனப் பசளைக் குவியலில், 58 பாகை வெப்பத்தை ஒட்டி, ஆறு மாதத்துக்குள் பொருளின் காபனில் 90 வீதம் காபனீரொட்சைட்டாக மாற வேண்டும் என்கின்றன. பன்னிரண்டு வாரங்களின் பின் இரண்டு மில்லிமீற்றர் சல்லடையில் பத்து வீதத்துக்கு மேல் தங்கவும் கூடாது. 58 பாகை என்ற அந்த எண் மட்டக்களப்பைப் பொறுத்தவரை ஏனைய எல்லா எண்களையும் விட முக்கியமானது.

அதற்கு முன் மூலப்பொருள். மரவள்ளி இலங்கைக்கு வந்தது 1786 இல், ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் காலத்தில், மொரீசியசிலிருந்து என்பது பொதுவான வரலாறு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் பெரிய கவனிப்பு இல்லாமலே அது விளைகிறது. மேற்கே படுவான்கரை நெல்லின் நாடு. ஆலைகளில் உடைந்து கழியும் குறுணல் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. குறுணலில் அமைலோசு நிறைந்த மாப்பொருள் இருந்தாலும், அரிசியில் மாவைப் புரதம் இறுகப் பிடித்திருப்பதால் காரநீரில் ஊறவைத்தே பிரிக்க வேண்டும். மரவள்ளிக்கு வெறும் தண்ணீர் போதும். பனங்கிழங்கிலும் மாப்பொருள் நிறைய உண்டு, ஆனால் ஒடியலாக உண்ணப்படும் ஒன்றைப் பைக்காக அரைப்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

நிலம் போதுமா என்பது அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி. 5 கிராம் எடையுள்ள ஒரு பையில் 40 வீதம் மாவு என்று வைத்தால், ஒரு பைக்கு 2 கிராம் மாப்பொருள். கிழங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாவாகத் தேறினால் அது 10 கிராம் கிழங்கு. பத்து இலட்சம் பைகளுக்கு வேண்டியது 10 தொன் கிழங்கு. ஒரு ஹெக்டயர் தரக்கூடிய விளைச்சல் அதை ஒட்டியது. நிலம் தடையன்று என்பது இதில் தெளிவாகும். அதே பத்து இலட்சம் பைகளுக்கு மீதி 3 தொன் பல்பகுதியம் கப்பலில் வர வேண்டும் என்பதும் தெளிவாகும். உள்ளூர்க் கிழங்கிலிருந்து உள்ளூர்ப் பை என்ற பேச்சில் இந்த இரண்டாவது பாதி வழக்கமாக விடுபட்டுப்போகிறது. உணவா பையா என்ற எதிர்வாதத்துக்கும் இதே கணக்கு அளவு காட்டும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் 2022 இன் பொருளாதார நெருக்கடியிலும் மரவள்ளி பல வீடுகளின் ஒருவேளைச் சாப்பாடாக இருந்தது. அந்த நினைவு நியாயமானது, ஆனால் சில ஹெக்டயர் பைமரவள்ளியால் அந்தச் சட்டி காலியாகாது.

மரவள்ளி மாவைத் தொழிலாகப் பிரித்தெடுப்பதன் உண்மையான சுமை தண்ணீரில் விழுகிறது. இதற்குத் தமிழ் நிலத்தில் உள்ள மிகத் தெளிவான எடுத்துக்காட்டு சேலம். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றபோது, 1943 அளவில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார். சேலம், ஆத்தூர் பகுதிகளில் ஆலைகள் பெருகின. அவற்றின் விற்பனைக்காக 1981 இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023 இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மறுபக்கத்தில், ஒரு தொன் மாவுக்குப் பத்தாயிரக்கணக்கான லீற்றர் தண்ணீர் செலவாகிறது. வெளியேறும் நீர் சேதனப் பொருள் செறிந்தது, புளிப்பு வாடை கொண்டது, கிழங்கின் இயல்பான சயனைட்டுக் கூறும் அதில் இருக்கும். ‘திப்பி’ எனப்படும் சக்கை தீவனமாகப் பயன்பட்டாலும், கழிவுநீர் அப்பகுதியின் ஓடைகளையும் கிணறுகளையும் கெடுத்தது நெடுநாள் முறைப்பாடு. கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் முறை பின்னர் அங்கே பரவியது.

மட்டக்களப்பு மாவட்டத்துக்கே இதுபோன்ற முன்னனுபவம் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. வயலில் கழியும் பொருளைக் கொண்டு நாட்டுக்குக் காகிதம் என்பது நல்ல திட்டம்தான், ஆனால் வைக்கோலைக் காரத்தில் வேகவைத்த கருநீர் வாழைச்சேனை வாவிக்குச் சென்றது. தாவரத்திலிருந்து வருவதால் ஒரு தொழில் தூய்மையாகிவிடாது. மரவள்ளி ஆலையை மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில் வைத்து, கழிவுநீர்த் தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிளாஸ்டிக்கிலிருந்து காப்பாற்றப்படும் தண்ணீர் ஒட்சிசன் இன்றி மடியும். ஆழம் குறைந்து நீரோட்டமும் மெதுவாக உள்ள வாவிகளில் இது விரைவாக நடக்கும்.

சட்டம் ஏற்கெனவே இந்தத் திசையில் தள்ளத் தொடங்கிவிட்டது. 20 மைக்கிரோனுக்குக் குறைந்த பொலித்தீன் 2007 ஜனவரி முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின், அதே ஆண்டு செப்ரெம்பரில் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றுக்கும் தடை வந்தது. 2021 மார்ச் இறுதியில் உணவும் மருந்தும் அல்லாத சிறு சஷேக்களும், 2023 ஒக்ரோபர் 1 முதல் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பூமாலை முதலியனவும் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொரு தடையும் ஒரு மாற்றுப் பொருளுக்குச் சந்தை திறந்தது. ‘உக்கக்கூடியது’ என்று அச்சிட்ட தாள்கள் அந்த இடைவெளியில்தான் நுழைந்தன. அவற்றில் எது எந்த வகை என்பதைச் சாப்பாட்டுக்கடைக்காரர் அறிய வழியில்லை.

இனி 58 பாகை. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. மழை குறைந்த மாதங்களில் முகத்துவாரம் மணலால் அடைபடும். மாரி வெள்ளம் படுவான்கரை வயல்களை மூழ்கடிக்கும் அளவுக்கு உயர்ந்தால் அதை வெட்டித் திறப்பார்கள். கால்வாய்களும் வடிகான்களும் கொண்டுவரும் பைகள் இந்த அடைபட்ட மாதங்களில் உள்ளேயே தங்குகின்றன. வாவி நீரின் வெப்பம் 30 பாகையை ஒட்டியது, அடிச்சேற்றில் ஒட்சிசன் குறைவு, உப்பும் பருவத்தோடு ஏறி இறங்குவது. பசளைக் குவியலுக்காகச் சான்று பெற்ற ஒரு பை இங்கே எத்தனை காலம் கிடக்கும் என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை. சேற்றில் புதைந்தால் அது காபனீரொட்சைட்டோடு மீதேனையும் வெளிவிடும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் நேப்பரும் தொம்சனும் 2019 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கிட்டிய சான்று. ஐந்து வகைப் பைகளை அவர்கள் மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் திறந்தவெளியிலும் வைத்துப் பார்த்தார்கள். பசளையாகும் வகைப் பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. மண்ணில் 27 மாதங்களின் பின்னும் கிடந்தது, பாரம் தாங்கவில்லை என்பதே மாற்றம். ‘உக்கக்கூடியது’ என்று விற்கப்பட்ட இன்னொரு பையோ மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் கடைச்சாமான் சுமக்கக்கூடிய நிலையில் இருந்தது. ஒரே பை ஓரிடத்தில் விரைந்தும் மற்றோரிடத்தில் தாமதித்தும் சிதைகிறது. எங்கே, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் என்பதைச் சேர்க்காமல் உக்கும் என்று மட்டும் சொல்வது பாதிச் செய்தி.

தேவையான வெப்பம் மாவட்டத்துக்கு எட்டாதது அல்ல. கிளறிவிட்டுப் பராமரிக்கும் சேதனப் பசளைக் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை தானாகவே சூடேறும். 2008 இல் தொடங்கிய ‘பிலிசரு’ திட்டத்தின் கீழ் நாட்டின் பல உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பசளை நிலையங்கள் கிடைத்தன. ஆனால் அங்கே வந்து சேரும் குப்பையில் மாப்பொருள் பையும் சாதாரணப் பொலித்தீனும் ஒரே தோற்றத்தில் கலந்திருக்கும். தரம் பிரிக்கும் தொழிலாளி இரண்டையும் எடுத்து எறிவார், அவரைப் பொறுத்தவரை அதுவே சரி. சோளத்திலிருந்து நொதித்தல் மூலம் பெறப்படும் பிஎல்ஏ கோப்பைகளுக்கும் இதே கதி. அவை 60 பாகையை அண்டியதும் இளகுவதால் கொதிக்கும் தேநீருக்கு ஆகாதவை, பசளைக் குவியலின் சூடின்றி உக்காதவை. மாப்பொருளின் சர்க்கரையை உண்ணும் பற்றீரியாவே தன் உடலுக்குள் சேமிக்கும் பிஎச்ஏ என்ற பொருளோ கடல்நீரிலும் ஓரளவு சிதைகிறது. அதன் விலை மாப்பொருள் கலவையையும் தாண்டியது.

விலையும் சாதாரணக் காரணமன்று. மாப்பொருள் கலவைக் குறுமணி பொலித்தீனைப் போல் இரண்டு மூன்று மடங்கு விலை. உலகின் உயிரிப் பிளாஸ்டிக் உற்பத்தித்திறன் 2023 இல் ஏறத்தாழ 22 இலட்சம் தொன். மொத்தப் பிளாஸ்டிக் ஆண்டுக்கு 40 கோடித் தொன்னுக்கு மேல். இலவசமாகக் கிடைத்த சொப்பிங் பைக்குப் பதிலாக இதை வாங்கச் சொல்வது கடைக்காரரிடமும் எடுபடாது, வாடிக்கையாளரிடமும் எடுபடாது. மீன் ஏற்றும் பெட்டிக்கு மாப்பொருள் நுரை பயன்படாது. ஐஸ் உருகும் ஈரத்தில் அது கரைந்துவிடும். வலைக்கும் கயிற்றுக்கும் பேச்சே இல்லை. சோற்றுப் பார்சலுக்கு வாழையிலையும், மீனுக்குப் பனையோலை உமலும், தயிருக்கு மண்சட்டியும் இருந்த இடத்தில் மாப்பொருள் தாள் போட்டியிட வேண்டியது பொலித்தீனோடு மட்டுமன்று, இவற்றோடும்தான். வாழையிலை கிடைக்கும் ஊரில் அந்தப் போட்டியில் தாள் தோற்பது நியாயமே.

மாப்பொருளின் பலவீனமே பயனாக மாறும் இடம் மண். மிளகாய், கத்தரி, வத்தகைப் பாத்திகளை மூடும் மூடுபடலம் பயிர்க்காலம் முடிந்ததும் மண்ணோடு உழப்பட வேண்டிய பொருள். ஐரோப்பிய நியமமான ஈஎன் 17033 (2018) இத்தகைய படலம் 25 பாகையை ஒட்டிய மண்ணில் இரண்டு ஆண்டுக்குள் 90 வீதம் உக்க வேண்டும் என்கிறது. கிழக்கின் மண் அதைவிடச் சூடானது, எனவே வேகம் இங்கே சாதகமாகவே இருக்கும். நாற்றுப் பை இன்னும் தெளிவான பயன். மரமுந்திரிகை, தென்னை, பழமரக் கன்றுகள் கறுப்புப் பொலித்தீன் பையில் வளர்கின்றன. நடும்போது பையைக் கிழித்து வேலியோரம் எறிவதே வழக்கம். பெருமழையில் அவை வடிகானுக்கும் அங்கிருந்து வாவிக்கும் போகின்றன. கிழிக்காமல் பையோடு நடக்கூடிய கன்று, கிழிக்கும் கூலியையும் வேர் அறுபடுவதையும் மிச்சப்படுத்துகிறது. விலை வேறுபாட்டின் ஒரு பகுதி அங்கேயே ஈடாகும். வாவிக்கரைக் கண்டல் நாற்றுகளுக்கு இது பொருந்தாது. நாற்றுமேடையே நீரில் நனைவதால் கன்று வேரூன்றுமுன் பை கரைந்துவிடும். மேட்டுநிலக் கன்றுக்கு, தண்ணீர் ஊற்றும் இரண்டு மூன்று மாதம் தாங்கி, அதன்பின் உக்கும் பைதான் வேண்டும். மாவுக்கும் பிணைபொருளுக்கும் இடையிலான விகிதத்தை அந்தக் காலத்துக்கு ஏற்ப அமைக்கலாம். மாரியின் முதல் மழையில் நட்டு, அடுத்த கச்சானுக்குள் பை என்ன ஆனது என்று தோண்டிப் பார்ப்பதே இதற்கான சோதனை. அதற்கு ஆய்வுகூடத்தை விட ஒரு நாற்றுமேடை அதிகம் உதவும்.